கிறிஸ்துமஸ் பேச்சுக்கு ஏன் மூன்று மணி?

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்நாட்டு மன்னர் மக்களிடம் சில நிமிடங்கள் பேசுவார். மதிய விருந்து முடிந்து, தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். முதலில் வானொலியில் மட்டும் கேட்டார்கள். 1957 முதல் தொலைக்காட்சியிலும் பார்க்கிறார்கள். மன்னர்கள் மாறினார்கள், கருவிகள் மாறின. மூன்று மணி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏன் மூன்று? காலை பத்து மணி ஆகாதா? இரவு ஏழு மணிக்கு என்ன குறை? விருந்துக்குப் பின் எல்லாரும் ஓய்வாக இருக்கும் நேரம் என்பதால் என்று நீங்கள் சொல்லக்கூடும். பொருத்தமான விடைதான், ஆனால் சரியான விடை வேறு. அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தது, தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கும் இடையில் உள்ள மெல்லிய காற்றைச் சூரியன் படுத்தும் பாடு. அதை அறிய 1932-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த நாள்

1932 டிசம்பர் 19 அன்று பி.பி.சி. நிறுவனம் 'எம்பயர் சர்வீஸ்' என்ற புதிய ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் உலகெங்கும் சிதறிக் கிடந்த நாடுகளோடு நேராகப் பேசுவது அதன் நோக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டாவென்ட்ரி என்ற ஊருக்கருகே, ஒரு குன்றின் மேல், இரண்டு சிற்றலை ஒலிபரப்பிகள் நிறுவப்பட்டன. தொடக்க நாளில் பேசிய தலைமை இயக்குநர் ஜான் ரீத், ஆரம்பத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், நிகழ்ச்சிகள் அவ்வளவு சுவையாகவோ நன்றாகவோ இருக்கமாட்டா என்று நேயர்களை எச்சரித்தார். கடை திறக்கும் நாளிலேயே சரக்கு சுமார்தான் என்று சொல்லும் வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை!

ஆறு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ். மன்னர் ஐந்தாம் ஜார்ஜை வானொலியில் பேசவைக்க ரீத் சில ஆண்டுகளாகவே முயன்று வந்தார். பழக்கமில்லாத கருவி என்று மன்னர் தயங்கினார், கடைசியில் இணங்கினார். பேச்சை எழுதிக் கொடுத்தவர் பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங். மொத்தம் 251 சொற்கள்.

அன்று முதலில் பேரரசின் பல மூலைகளிலிருந்தும் வாழ்த்துரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. பிறகு மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மன்னரின் முறை வந்தது. சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சிறு அறை அன்று ஒலிபரப்புக் கூடமாயிற்று. மேஜையின் மேல் கனமான துணி ஒன்றை விரித்திருந்தார்களாம். மன்னரின் கை நடுங்கியது. கையிலிருந்த தாள் சலசலத்தது. அந்தச் சலசலப்பு உலகம் முழுதும் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக அந்த ஏற்பாடு.

ஒலிவாங்கியில் விழுந்த குரல் மின்னோட்டமாக மாறித் தொலைபேசிக் கம்பி வழியாக லண்டனுக்குப் போயிற்று, அங்கிருந்து டாவென்ட்ரிக்கு, அங்கிருந்து வானத்துக்கு. ஆஸ்திரேலியா, கனடா, இந்தியா, கென்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அது கேட்டது. சுமார் இரண்டு கோடிப் பேர் கேட்டிருக்கலாம் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கு. மின்காந்த அலையின் வேகம் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். லண்டனுக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 8,200 கி.மீ. ஆகவே அலை சென்னை வந்து சேர 0.027 வினாடி போதும். காற்றில் ஒலியின் வேகமோ வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். 0.027 வினாடியில் ஒலி 9 மீட்டர்தான் போயிருக்கும். கம்பியில் ஏற்பட்ட சிறு தாமதத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மன்னருக்குப் பத்து மீட்டர் தொலைவில் நின்று காதால் கேட்டவரைவிடச் சென்னையில் வானொலிப் பெட்டியின் முன் இருந்தவர் சற்று முன்னதாகவே கேட்டிருப்பார்!

கேட்டவர்களின் கடிகாரங்களில் மணி என்ன? லண்டனில் மூன்று மணி என்றால் மாண்ட்ரியலில் காலை பத்து. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவரில் காலை ஏழு; அங்கே இன்னும் விடியவில்லை. கேப்டவுனில் மாலை ஐந்து. அங்கே அது கோடைக்காலம், நல்ல வெயில். இந்திய நேரப்படி இரவு எட்டரை. சிட்னியில் நள்ளிரவு கடந்து ஒரு மணி; அங்கே கிறிஸ்துமஸே முடிந்துவிட்டது. இந்த வெயிலையும் இருட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

நேரே போகும் அலை வளைந்தது எப்படி?

பூமி உருண்டை. ஒளியைப் போலவே வானொலி அலையும் நேராகப் போவது. அப்படியானால் டாவென்ட்ரியில் புறப்பட்ட அலை அடிவானத்தைத் தாண்டியதும் விண்வெளிக்குத்தானே போயிருக்க வேண்டும்? 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வானொலிக் குறிப்புகளைப் பெற்றதாக அறிவித்தபோது அறிவியலாரைக் குழப்பிய கேள்வி இதுதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியாக ஒரு விடை கூறினர்: வானத்தின் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அது அலைகளைத் திருப்பி அனுப்புகிறது.

ஊகம் சரி, சான்று? அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் என்ற இயற்பியலாரும் அவருடைய உதவியாளர் பார்னெட்டும் போர்ன்மத் நகரிலிருந்த பி.பி.சி. ஒலிபரப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரவில் வழக்கமான நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு அதன் அலைநீளத்தை மெல்ல மெல்ல மாற்றச் செய்து, ஆக்ஸ்போர்டில் அமர்ந்து கேட்டார்கள். குறிப்பு வலுத்தது, மெலிந்தது, மறுபடி வலுத்தது. தரையை ஒட்டி வந்த அலையும் மேலே போய்த் திரும்பிய அலையும் சில அலைநீளங்களில் ஒன்றுக்கொன்று துணை நின்றன. சிலவற்றில் ஒன்றையொன்று அழித்தன. வலுத்து மெலிந்த தடவைகளை எண்ணி, மேலே போன அலை எவ்வளவு தூரம் அதிகமாகப் பயணம் செய்தது என்று கணக்கிட்டார்கள். அடுக்கின் உயரம் சுமார் நூறு கிலோமீட்டர் என்று தெரிந்தது. அதற்கும் மேலே இன்னொரு அடுக்கு இருப்பதை ஆப்பிள்டன் பின்னர் கண்டுபிடித்தார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அடுக்குகள் அடங்கிய பகுதியை அயனி மண்டலம் என்கிறோம். சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. வானொலி அலை வந்து பட்டதும் இந்த எலெக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடுகின்றன. அந்த ஆட்டமே அலையை வளைத்துத் தரைக்குத் திருப்புகிறது.

ஆனால் எல்லா அடுக்கும் ஒரே குணம் உடையவை அல்ல. 60 முதல் 90 கி.மீ. வரை உள்ளது டி அடுக்கு. அதற்கு மேல் ஈ அடுக்கு. 150 கி.மீ.க்கு மேல், முந்நூறு கி.மீ.யையும் தாண்டிப் பரந்திருப்பது எஃப் அடுக்கு. டி அடுக்கில் காற்று ஒப்பளவில் அடர்த்தியானது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் கையை வீசி நடக்க முயலும் சிறுவனைப் போல, அங்கே ஆடத் தொடங்கும் எலெக்ட்ரான் உடனே பக்கத்து மூலக்கூற்றில் இடித்துக்கொள்கிறது. அலையிடமிருந்து பெற்ற ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அதாவது டி அடுக்கு அலையைத் திருப்புவதில்லை, தின்றுவிடுகிறது. எஃப் அடுக்கோ ஆளில்லாத கடற்கரை. அங்கே எலெக்ட்ரான் தடையின்றி ஆடலாம். அலை அதிகம் சேதமில்லாமல் திரும்பும்.

அதிர்வெண் கூடக்கூட டி அடுக்கின் பசி குறைகிறது. அதிர்வெண் இரு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். அப்படியானால் அதிர்வெண்ணை இன்னும் இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், அதிலும் ஓர் இக்கட்டு. ஓர் எல்லைக்கு மேல் எஃப் அடுக்காலும் அலையை வளைக்க முடியாது. அது துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். தின்னப்படாமலும் வேண்டும், தப்பிப் போகாமலும் வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் உள்ள சன்னல் வழியாகத்தான் ஒலிபரப்ப முடியும்.

அந்தச் சன்னலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியன் மறைந்ததும் அடர்ந்த டி அடுக்கில் எலெக்ட்ரான்கள் அயனிகளோடு விரைவில் சேர்ந்துவிடுகின்றன, அடுக்கே மறைந்துபோகிறது. மெல்லிய எஃப் அடுக்கில் அவை ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. ஆகவே இரவிலும் பெருமளவு பிழைத்திருக்கின்றன, மெல்லக் குறைகின்றன. இதனால்தான் பகலில் குறுகிய அலைநீளமும் இரவில் சற்று நீண்ட அலைநீளமும் பயன்படுகின்றன.

பள்ளிக்கூடத்து ஒலிபரப்பி

சிற்றலைகளின் அருமையைப் பெரிய கம்பெனிகள் முதலில் அறியவில்லை. தூரம் போக வேண்டுமானால் அலைநீளமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நம்பி, கிலோமீட்டர்க் கணக்கில் நீண்ட அலைகளுக்காக மாபெரும் கம்பங்களை நட்டார்கள். அமெரிக்காவில் 1912-இல் வந்த சட்டம், 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களைப் பொழுதுபோக்காக வானொலி நடத்துவோருக்கு ஒதுக்கிவிட்டது. ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று நினைத்துக் கொடுத்த இடத்தில் புதையல் கிடைத்த கதைதான்!

1924 அக்டோபர் 18. லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் செசில் கோய்டர் என்ற பதினெட்டு வயது மாணவர் பள்ளியின் ஒலிபரப்பியை இயக்கிக்கொண்டிருந்தார். நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் இருந்த ஃபிராங்க் பெல் அவருக்கு மோர்ஸ் குறிப்பில் பதில் சொன்னார். பூமியில் ஏறக்குறைய நேர் எதிர்ப்புறங்களில் இருந்த இரு நாடுகள் நூறு மீட்டருக்கும் குறைந்த அலைநீளத்தில், ஒரு பள்ளி மாணவரின் கை வழியாக, முதன்முதலாக உரையாடின. கோய்டரை மறந்துவிடாதீர்கள், அவர் திரும்ப வருவார்.

பி.பி.சி. விழித்துக்கொண்டது. 1927 நவம்பரில் செம்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு சோதனைச் சிற்றலை நிலையம் தொடங்கியது. எந்த நேரத்தில் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று தொலைநாடுகளிலிருந்து நேயர்கள் எழுதிய கடிதங்களே அன்றைய பொறியாளர்களுக்குக் கிடைத்த பெரிய தகவல் களஞ்சியம். ஐந்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு எழுந்ததுதான் டாவென்ட்ரி.

டாவென்ட்ரிக்கு எட்டு அலைநீளங்கள் ஒதுக்கப்பட்டன. மிக நீண்டது 49.59 மீட்டர், அதன் பெயர் ஜி.எஸ்.ஏ. மிகக் குறுகியது 13.97 மீட்டர், ஜி.எஸ்.எச். இடையில் 31, 25, 19, 16 மீட்டர்களை ஒட்டி மற்ற ஆறு. 3,00,000-ஐ மீட்டர் கணக்கிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் அதிர்வெண் கிடைக்கும். 16.86 மீட்டரை வகுத்துப் பாருங்கள்: சுமார் 17,790 வரும்.

ஒரே நிலையத்துக்கு ஏன் எட்டு அலைநீளங்கள் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். உலகத்தை ஆஸ்திரேலியா, இந்தியா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, கனடா என்று ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்கு மாலைப் பொழுதாகும் நேரத்தில் தனித்தனியே ஒலிபரப்புவது அவர்கள் திட்டம். சாதாரண நாளுக்கு அது சரி. மன்னரை ஐந்து தடவை பேசச் சொல்ல முடியுமா? தாளைப் பிடித்த கை நடுங்கும் மனிதர் அவர். ஒரு தடவை பேச ஒப்புக்கொண்டதே பெரிது. அந்த ஒரு தடவை எல்லாத் திசைகளிலும் வழி திறந்திருக்கும் நேரமாக இருக்க வேண்டும். அதற்கு மிக ஏற்ற நேரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே பிற்பகல் மூன்று மணி.

இன்றைய அறிவைக் கொண்டு அந்தத் தேர்வைச் சரிபார்ப்போம். டிசம்பர் இறுதியில் பிற்பகல் மூன்று மணிக்கு லண்டனில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஐந்தாறு பாகை உயரத்தில்தான் நிற்கும். மறைய இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆகவே ஒலிபரப்பியின் தலைக்கு மேலே டி அடுக்கு இளைத்துப் போயிருக்கும். பகலெல்லாம் சூரியனிடம் வாங்கிக்கொண்ட எஃப் அடுக்கோ இன்னும் வலுவாக இருக்கும். மேற்கே அட்லாண்டிக் முழுவதும் வெயில். அந்தத் திசைக்குக் குறுகிய அலைநீளம் ஏற்றது. தெற்கே ஆப்பிரிக்காவுக்கும் அப்படியே. கிழக்கே இந்தியாவுக்கு வரும் பாதையில் பெரும்பகுதி இருட்டு. அங்கே டி அடுக்கு இல்லை. 25 அல்லது 31 மீட்டர் போன்ற நீண்ட அலைநீளத்தால் குறைந்தது மூன்று தாவலில் வந்துவிடலாம். எஃப் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை ஒரு தாவலில் அதிகமாகப் போனால் 4,000 கி.மீ. போகும். 17,000 கி.மீ. தொலைவிலுள்ள சிட்னிக்கு ஐந்து தாவல்கள் வேண்டும்.

இதையே காலை ஒன்பதுக்கு வைத்திருந்தால் கனடா நல்ல உறக்கத்தில் இருந்திருக்கும். இரவு ஒன்பதுக்கு வைத்திருந்தால் இந்தியாவில் விடியற்காலை இரண்டரை மணி. பிரிட்டனுக்கு மேலே எஃப் அடுக்கும் மெலிந்திருக்கும். போதாக்குறைக்கு, 1932-33 ஆண்டுகளில் சூரியப் புள்ளிகள் மிகவும் குறைந்திருந்தன. பதினோராண்டு வட்டத்தில் சூரியன் சோம்பிக் கிடக்கும் காலம் அது. எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் அப்போது குறையும். பொறியாளர்களுக்குக் கிடைத்த சன்னல் குறுகலானது.

கோய்டர் இந்தியாவுக்கு வருகிறார்

பேரரசின் குடும்பத்தாருக்கு என்று அந்தப் பேச்சு ஒலித்த இரவில், காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அயனி மண்டலத்துக்கு அரசியல் தெரியாது, கேட்பவர்களுக்குத் தெரியும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1936-இல், அந்த மில் ஹில் மாணவர் கோய்டர் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக வந்து சேர்ந்தார். பெரிய நாடு, சிறிய வரவு செலவுத் திட்டம். மத்திய அலையால் நாடு முழுவதையும் எட்ட வேண்டுமானால் ஏராளமான நிலையங்கள் வேண்டும். வெப்ப நாடுகளில் இடிமின்னலின் இரைச்சலும் அதில் அதிகம். ஆகவே தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு இடங்களில் சிற்றலை ஒலிபரப்பிகள் நிறுவப்பட்டன. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. பத்தாண்டுகள் இங்கே இருந்துவிட்டு 1946-இல் கோய்டர் விடைபெற்றார்.

அடுத்த ஆண்டு நமக்கும் ஒரு பண்டிகை நாள் பேச்சு கிடைத்தது. 1947 நவம்பர் 12, தீபாவளி. குருச்சேத்திரத்தில் அகதிகள் முகாமில் தவித்துக்கொண்டிருந்த மக்களிடம் நேரில் போக இயலாத காந்தியடிகள், தில்லி வானொலி நிலையத்துக்கு வந்து அவர்களுக்காகப் பேசினார். அவர் அந்த நிலையத்துக்கு வந்து பேசியது அந்த ஒரு முறைதான். அந்த நாளை இப்போது பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். தில்லிக்கும் குருச்சேத்திரத்துக்கும் இடையே சுமார் 150 கி.மீ. இவ்வளவு தூரத்துக்கு வானத்தின் உதவி தேவையில்லை. மத்திய அலை தரையை ஒட்டியே, பட்டப்பகலிலும், போய்ச் சேர்ந்துவிடும்.

எம்பயர் சர்வீஸின் வழியில் வந்ததுதான் பி.பி.சி.யின் தமிழோசை. 1941 முதல் 2017 ஏப்ரல் வரை அது சிற்றலையில் ஒலித்தது. என் சிறுவயதில் இரவு ஒன்பதேகாலுக்கு எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தக் குரல் கேட்கும். பிற்காலத்தில் அதை ஆசியாவிலேயே இருந்த ஒலிபரப்பிகள் வாங்கி அனுப்பினாலும், குரல் திடீரென மங்கும், மறுபடி எழும். அப்பா பெட்டியைத் தட்டுவார். பெட்டியின்மேல் குற்றமில்லை. ஒரே அலை இருவேறு வழிகளில் வந்து சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆப்பிள்டன் ஆக்ஸ்போர்டில் கேட்டதைத்தான் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்களும் கேட்கலாம். மத்திய அலை உள்ள ஒரு வானொலிப் பெட்டியைத் தேடிப் பிடியுங்கள். தாத்தா வீட்டுப் பரணில் இருக்கலாம். மின்விளக்குகளின் இரைச்சல் குறைய மொட்டை மாடிக்குப் போய், பேட்டரியில் இயக்குங்கள். நண்பகலில் முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தி, எத்தனை நிலையங்கள் கேட்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலை சூரியன் மறைந்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதையே திரும்பச் செய்யுங்கள். புதிதாக முளைக்கும் ஒவ்வொரு நிலையமும் உங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ளதா, மேற்கே உள்ளதா என்று தேசப்படத்தில் பாருங்கள். கிழக்கே உள்ளவை முந்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தப் பாதையில்தான் முதலில் இருட்டுகிறது.